நண்பகல் விரிசல்

பொருட்களை மெதுவாக உடைப்பது என் தொழில். வேகமாக உடைக்க யாராலும் முடியும். அதற்குச் சம்பளம் கிடையாது. ஒரு பலகையின் மேல்தகட்டைக் கவ்வியில் மாட்டி, அசைவே கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக உரித்து, அது எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஒரு தனிக் குணம் வேண்டும். அது எனக்கு இருப்பதை நேர்முகத் தேர்விலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அவர்கள் தேநீர் குடித்து முடித்திருந்தார்கள்.

என் பெயர் மணிவாசகம். தமிழ்ப்பற்று மிகுந்த அப்பா வைத்தது. பிள்ளை மணிமணியாகப் பேசுவான் என்று நினைத்திருப்பார் பாவம். நான் தேவைப்பட்டால் பேசுவேன்; தேவை எனக்கு அடிக்கடி வருவதில்லை. மற்ற நேரத்தில் படிப்பேன். அல்லது படித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பேன். ஆழ்ந்த சிந்தனை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். என் அக்கா அதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

கடல் உள்ளே வந்த பிறகு வடசென்னையின் கரையோரத்தில் வீடுகள் மிதக்க ஆரம்பித்தன. கனமான எதுவும் மிதக்காது என்பதால் எல்லா வீடுகளும் சாண்ட்விச் பலகையில் கட்டப்பட்டன. மேலே ஒரு மெல்லிய நார்த்தகடு, கீழே ஒன்று, நடுவில் ஒரு முழ உயரத்துக்கு நுரை. மக்கள் அதை ரொட்டிப் பலகை என்றார்கள். தகடும் நுரையும் ஒட்டியிருக்கும் இடம்தான் அதன் உயிர். அந்த ஒட்டு விட்டுக்கொண்டே போனால் ஒருநாள் தரை இரண்டாக வாய் பிளக்கும், வீட்டுக்குள் தண்ணீர் வரும். தொடக்க காலத்தில் ஒரு குடியிருப்பில் அப்படி நடந்து ஒரு குடும்பமே போனது. அதற்குப் பிறகு வந்ததுதான் சட்டம்.

சட்டப்படி ஒவ்வொரு வீட்டுத் தரைக்குள்ளும் காதுகள் பதிக்கப்பட்டன. நுரையில் ஒரு சிறு விரிசல் ஓடினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தக் காது அதைக் கேட்டு எங்கள் அலுவலகத்துக்குச் சொல்லும். அங்கே கணினிக்குள் அதே வீடு இன்னொன்று இருக்கும். ஒவ்வொரு டிக்குக்கும் அந்த வீட்டில் விரிசல் கொஞ்சம் நீளும். அது தாங்காது என்ற நிலைக்கு வந்தால் நிஜ வீட்டுக் கதவில் சிவப்பு விளக்கு எரியும். இரண்டு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். வீட்டை இழுத்துப் போய்த் தூளாக அரைத்துவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு பங்கு உண்டு. பங்கு என்று அடக்கமாகச் சொல்கிறேன். உண்மையில் அதன் பெயரே 'மணிவாசகம் விதி'. நம் ஊர் மிதவை வீடுகள் எல்லாம் உச்சிவேளையில்தான் அதிகமாக டிக் டிக் என்கின்றன என்று முதலில் கவனித்தவன் நான். வெயிலில் தகடு ஒரு அளவு விரிகிறது, நுரை வேறு அளவு விரிகிறது, இரண்டும் இழுத்துக்கொண்டு ஒட்டு விடுகிறது என்று நீண்ட கட்டுரை எழுதினேன். நண்பகலில் வரும் டிக்குக்கு இரட்டிப்பு மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்றேன். கொடுத்தார்கள். ஐரோப்பாவின் மிதவை வீடுகளில் இந்த நண்பகல் விரிசல் இல்லையே என்று ஒரு கருத்தரங்கில் கேட்டார்கள். அங்கே இப்படி வெயில் இல்லை என்றேன். கைதட்டினார்கள். அங்கே வேறு என்னவெல்லாம் இல்லை என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

லக்ஷிதா அக்கா மெஸ்ஸுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது என் விதியால்தான். கட்டி ஆறு வருடம்கூட ஆகாத வீடு. கணினிக்குள் அது எழுபது வயதுக் கிழம்போல் இருந்தது. அவர் மேல்முறையீடு செய்ததால் யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் எல்லோரும் உடனே ஏதேதோ காரணம் சொன்னார்கள். நான் காரணத்தை யோசித்துக்கொண்டிருந்ததால் என் பெயரை எழுதிவிட்டார்கள்.

வாசலில் நின்று கூப்பிடுவதா, மணியை அடிப்பதா என்று நான் நின்றுகொண்டிருந்தபோது அவரே வெளியே வந்தார். ஐம்பதைத் தாண்டிய, கை நிறையக் கரண்டிகள் வைத்திருந்த பெண்மணி. அவர் தலைமுறையில் தெருவுக்கு மூன்று லக்ஷிதாக்கள் இருந்தார்கள். ஆனால் கரையில் போய் லக்ஷிதா அக்கா என்று கேட்டால் இவரைத்தான் காட்டுவார்கள்.

"இன்னா சார், சாப்ட வந்தியா, வூட்ட இடிக்க வந்தியா?"

நான் சரியான சொல்லைத் தேடினேன்.

"சாப்ட வந்தா செருப்ப அங்க வுடு. இடிக்க வந்தாலும் அங்கதான் வுடணும்."

செருப்பை விட்டேன். "ஆய்வு" என்றேன்.

உள்ளே நீளமான ஒரு கூடம். மேசை நாற்காலி கிடையாது. மேசைக்கால் ரொட்டிப் பலகையைக் குத்தும் என்று எங்கள் துறையே தடை போட்டிருந்தது. நாற்பது பேர் எதிரெதிராக இரண்டு வரிசையில் சம்மணம் போட்டு உட்கார இடம் இருந்தது. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் இன்னும் வரவில்லை. நான் ஒரு பழைய ரூபாய் நாணயத்தை எடுத்துத் தரையைத் தட்டினேன். ஒட்டியிருந்தால் கணீரென்று கேட்கும். உரிந்திருந்தால் பொத்தென்று கேட்கும்.

"இன்னா சார், தேங்கா தட்டுற மாதிரி தட்டுற? முத்தலா இளசா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மேல்தகடு. கீழ்த்தகடு தண்ணிக்குள்ள இருக்கு. அதைத் தட்ட முடியாது."

"அப்ப எப்பிடித்தான் பாப்ப?"

"சரியாப் பாக்கணும்னா தரையில ஒரு துண்டு வெட்டி எடுத்து, உரிச்சுப் பாக்கணும்."

"வெட்டிட்டா?"

"வெட்டின எடத்துல தண்ணி வரும்."

அவர் என்னையே பார்த்தார். "கெட்டியா இருக்கான்னு பாக்க உடைக்கணும். உடைச்சப்புறம் கெட்டியா இருந்துச்சுன்னு சொல்லுவ. அப்பிடித்தானே? இதுக்குப் படிச்சுக்கிறியா சார்?"

"பதினெட்டு வருஷம்" என்றேன். உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்?

"அதுக்குத்தான் கம்ப்யூட்டர்ல பாக்குறோம்" என்று சேர்த்துக்கொண்டேன். "இதே மாதிரி ஒரு வீடு அங்க இருக்கு. இங்க சத்தம் வந்தா அங்க விரிசல் விடும்."

"அங்க யாரு குடியிருக்காங்க?"

"யாருமில்ல."

"குடுத்து வெச்ச வூடு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார், இத எடுத்துட்டா எனக்கு உள்ள ஊர்ல இருபதாவது மாடில ஒரு ரூம்பு தராங்களாம். அங்க எவன் சார் ஏறி வந்து சாப்புடுவான்? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். எங்கூட்டுக்காரருக்கு நுரையீரல் போயிடுச்சு. இந்தக் கூடம் ஓடுனாத்தான் அவருக்கு மூச்சு ஓடும்."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தரையைப் பார்த்தேன். நல்லவேளை, அந்த நேரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

என்னையும் உட்கார வைத்து இலை போட்டார்கள். பக்கத்தில் ரெக்ஸன் என்ற கிரேன் ஓட்டுநர். என் கைக்கணினியை இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். டிக்குகள் வந்த வண்ணம் இருந்தன. உச்சிவேளை, என் விதி தவறாமல் வேலை செய்கிறது என்ற அற்பப் பெருமையோடு ஓர் அப்பளத்தை எடுத்துக் கடித்தேன்.

திரையில் எண் குதித்தது.

இன்னொரு கடி. இன்னொரு குதி.

மெல்வதை நிறுத்தினேன். எண் நிற்கவில்லை, ஆனால் கூடத்தில் இருந்த எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள். நான் ரெக்ஸன் பக்கம் திரும்பி, "இன்னொரு தரம் கடிங்க" என்றேன்.

"இன்னாது?"

"அப்பளத்தை."

ரெக்ஸன் என் முகத்தைப் பார்த்து, பைத்தியத்தை எதிர்த்துப் பேசக்கூடாது என்ற முடிவுக்கு வந்து, கண்ணை மூடிக் கடித்தார். எண் குதித்தது. "சார் அப்பளத்துக்கு மார்க் போடுறாருடா!" என்று கூவினார். அடுத்த நிமிடம் கூடம் முழுக்க அப்பளத்தை உயர்த்திப் பிடித்தது. யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, நாற்பது வாய்கள் ஒன்றாக நொறுக்கின. கணினிக்குள் இருந்த வீடு அந்த நொடியில் மூழ்கிப் போனது. நாங்கள் மோர் ஊற்றிக்கொண்டோம்.

யோசித்தால் எளிது. அப்பளமும் நுரையும் ஒரே சாதி. காற்றை அடைத்து வைத்த மெல்லிய சுவர்கள். உடையும்போது இரண்டுக்கும் ஒரே சத்தம். என் ஆய்வுக்கூடத்தில் அமைதியை நான் கோயில் போலக் காப்பாற்றி வந்ததால் காதுகளுக்கு இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொடுக்க வாய்ப்பே வரவில்லை. நான் மதியத்துக்குத் தயிர்சாதம் சாப்பிடுகிறவன். சத்தமில்லாத உணவு.

அலுவலகத்தில் என் மேலதிகாரி ரிஸ்வானா நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மேசையில் தலையை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன்.

"மணி, இத்தனை வருஷமா சூரியன் மேல பழி போட்டிருக்கோமா?"

"ஆமா மேடம்."

"ஞாயித்துக்கிழமை விரிசல் குறையுதுன்னு உங்க கட்டுரையில ஒரு பக்கம் இருக்குமே? துறைமுகம் லீவு, தூசி கம்மி, தகடு சூடாகாதுன்னு?"

"ஞாயித்துக்கிழமை கரையில மெஸ் எல்லாம் லீவு மேடம்."

மறுபடி தலையை மேசையில் வைத்துக்கொண்டார். எழுந்தபோது வேலையில் இறங்கிவிட்டார். "ஒரு வாரம் அப்பளம் போடாம மெஸ்ஸை நடத்தச் சொல்லுங்க. எண்ணிக்கை விழுந்தா அந்தம்மா வீட்டுக்குச் சிவப்பை எடுத்துடலாம். அப்புறம் அப்பளச் சத்தத்தைத் தள்ளுபடி பண்ற மாதிரி ஒரு வடிகட்டி போடுங்க. எல்லாக் குடியிருப்புக்கும்."

"தரையில ஒரு துண்டு வெட்டி உரிச்சுப் பாத்துட்டா..."

"வெட்டுன தரைல அவங்க எங்க பந்தி போடுவாங்க?"

நான் அதற்கான பதிலை யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார்.

லக்ஷிதா அக்கா ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வாரமும் நான் அலுவலகத்திலிருந்தே எண்களைப் பார்த்தேன். நேரில் ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்று தோன்றத்தான் செய்தது. போனால் பேச வேண்டியிருக்கும். எண்கள் பேசுவதில்லை, அதனால்தான் எனக்கும் அவற்றுக்கும் ஒத்துப்போகிறது. திங்கட்கிழமை உச்சிவேளை வந்தது. தரையில் ஒரு டிக் இல்லை. செவ்வாயும் இல்லை. வாரம் முழுக்க அந்தக் கூடம் நூலகம்போல அமைதியாக இருந்தது. இவ்வளவு சுத்தமான முடிவை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. சுவரைப் பார்த்துச் சிரித்தேன்.

பிறகு வடிகட்டி. மூன்று வகை அப்பளம் வாங்கிவந்து, ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து, காதுகளுக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் கடித்தேன். நுரையை உடைத்த அதே பொறுமையோடு அப்பளத்தை உடைத்தேன். அந்தச் சத்தத்தை ஒத்த எதையும் கணக்கில் சேர்க்காதே என்று கணினிக்குச் சொன்னேன். நண்பகல் விரிசல் மறைந்தது. கடற்கரை முழுக்கச் சிவப்பு விளக்குகள் பச்சையாகின. துறை என்னைப் பாராட்டியது. தன் விதியைத் தானே தகர்த்த நேர்மையாளன் என்றார்கள். நான் அடக்கமாகத் தரையைப் பார்த்தேன்; உள்ளுக்குள் அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

லக்ஷிதா அக்கா விருந்து வைத்தார். வராவிட்டால் அலுவலகத்துக்கே வந்து ஊட்டிவிடுவேன் என்று செய்தி அனுப்பியதால் போனேன். கூடம் நிரம்பியிருந்தது. வழக்கமாக வருகிறவர்களோடு, சிவப்பு விளக்கு அணைந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். ஓர் ஓரத்தில் அவர் கணவர் மூச்சுக்குழாயோடு சாய்ந்து உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். என்னை வரிசையின் நடுவில் உட்காரவைத்தார்கள். இலைக்கு நான்கு அப்பளம். நொறுங்கும் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. என் கைக்கணினியில் பச்சை. எண் பூஜ்யம்.

"சார் புண்ணியத்துல எல்லாம் பழைய மாதிரி ஆயிடுச்சு" என்றபடி லக்ஷிதா அக்கா ரசத்தோடு வந்தார். "அந்த ஒரு வாரம் இருக்குதே, வேணாம் சாமி. ஈ ஓட்டிக்கினு இருந்தேன்."

"ஏன்?"

"ஏனா? அப்பளம் இல்லாத சாப்பாட்ட எவன் சார் துன்னுவான்? ஒருத்தன் வரல. தோ, இந்த ரெக்ஸனே வரல."

"வந்தேன்கா" என்றார் ரெக்ஸன். "வாசல்ல நின்னு எட்டிப் பாத்தேன். அப்பளம் இல்லன்னாங்க. அப்பிடியே பாலத்தாண்ட போய் பரோட்டா சாப்டுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"யாருமே வரலையா?" என்றேன்.

"நானும் எங்கூட்டுக்காரரும்தான். ஒரு வாரம் இந்தக் கூடத்துல ரெண்டே பேரு."

அவர் ரசத்தை ஊற்றிவிட்டு நகர்ந்தார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ருசியில் நான் மெய்மறந்துவிட்டதாக ரெக்ஸன் யாரிடமோ சொன்னது கேட்டது.

அப்பளத்தை நிறுத்தியபோது நான் ஆட்களையும் நிறுத்தியிருக்கிறேன். எண்ணிக்கை விழுந்தது எதனால்? கடிக்க அப்பளம் இல்லாததாலா, உட்கார ஆள் இல்லாததாலா? பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்கும். நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்தால் தரை வளையும், எழுந்தால் நிமிரும். ஒவ்வொரு உச்சிவேளையும் வளைந்து நிமிர்ந்தால் ஒட்டு விடாமல் என்ன செய்யும்? வெயில் என்றேன், அப்பளம் என்றேன். மனிதர்களுக்கு எடை உண்டு என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அவர்களை நான் சத்தமாகத்தான் எப்போதும் நினைத்து வந்திருக்கிறேன்.

இலையைப் பார்த்தேன். ரசம் என்னை விட்டு முன்னால், கூடத்தின் நடுவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வரிசையில் இருந்தவரின் இலையைப் பார்த்தேன். அவருடைய ரசமும் அவரை விட்டு நடுவை நோக்கித்தான் ஓடியது. அவர் கையால் அணை போட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். வரிசை நெடுக எல்லோரும் அப்படித்தான், பழகிப்போன கையோடு அணை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கைக்கணினியில் பூஜ்யம். அது பூஜ்யமாகத்தான் இருக்கும். அப்பளத்தைப் போலக் கேட்கும் எதையும் கேட்காதே என்று நான்தானே சொல்லிவைத்திருக்கிறேன்.

"எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை. எழுந்து நிற்கப் பயமாக இருந்தது. உட்கார்ந்தபடியே, இதுவரை நான் எழுப்பியிராத குரலில் கத்தினேன். "நிறுத்துங்க! யாரும் மெல்லாதீங்க! அசையாதீங்க!"

மறுபடி ஏதோ அப்பள விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். ரெக்ஸன் அப்பளத்தை உயர்த்திப் பிடித்து எண்ணத் தயாரானார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஒருவர் வாயில் இருந்ததை மெல்லாமல் அப்படியே விழுங்கினார். அடுப்பங்கரையில் ஏதோ கொதிப்பது கேட்டது. லக்ஷிதா அக்கா கண்ணைக் காட்ட, யாரோ அதை அணைத்தார்கள். அதன் பிறகு மிதவையின் பக்கவாட்டில் தண்ணீர் மோதுவது மட்டும் கேட்டது. வாழ்நாளெல்லாம் நான் தேடிக்கொண்டிருந்த மாதிரியான அமைதி.

டிக்.

தெளிவாக, கூடத்தின் நடுவில், தரைக்கு அடியிலிருந்து வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அதைத் தொடர்ந்து, ஒரு நூலை இழுத்துப் பிரிப்பது போல, இரண்டு மூன்று சேர்ந்தாற்போல்.

லக்ஷிதா அக்கா ரசக் கரண்டியோடு நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு வரிசையின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கேயாவது ஒரு தாடை அசையாதா, யாராவது ஒருத்தர் திருட்டுத்தனமாக மென்றுகொண்டிருக்க மாட்டாரா என்று தேடினார். பார்வை ரெக்ஸனிடம் வந்தபோது, அவர் தன் வெறும் வாயைத் திறந்து காட்டினார். எதிர் வரிசையையும் முடித்து, ஓரத்தில் சாய்ந்திருந்த கணவரின் வாயையும் பார்த்தார்.

கடைசியாக என் வாய்க்கு வந்தார். நான் அதைத் திறக்க வேண்டியிருந்தது.